தைராய்டு ரிப்போர்ட் நார்மல். கண் மட்டும் ஏன் அப்படியே?

டெல்லியில் நவம்பர் மாதம் கண் சிவந்தால் யாரும் அதற்காக டாக்டரிடம் ஓடுவதில்லை. தீபாவளிப் பட்டாசு, பஞ்சாப் பக்கத்து வைக்கோல் எரிப்பு, வண்டிப் புகை என்று காரணம் கைவசம் தயாராக இருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு அலர்ஜி சொட்டு வாங்கி விட்டுக்கொண்டு, பனி போனால் சரியாகிவிடும் என்று இருந்துவிடுவோம். ஹோலி வந்தும் சரியாகாமல், ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிகிறதே என்று வீட்டில் யாராவது சொன்ன பிறகுதான் சந்தேகமே வருகிறது. தைராய்டு கண்நோய் ஒளிந்துகொள்ள இந்த ஊர்க் காற்றைவிட வசதியான இடம் கிடையாது.

புகை எரிச்சலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. புகை என்றால் இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி எரியும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால் குறையும். அலர்ஜி என்றால் அரிப்புதான் முதலில் நிற்கும். தைராய்டு கண்ணில் அரிப்பைவிட அழுத்தம் அதிகம். கண்ணுக்குப் பின்னால் எதையோ வைத்துத் திணித்த மாதிரி இருக்கும். மேலேயோ பக்கவாட்டிலோ பார்த்தால் வலிக்கும். காலையில் எழுந்தவுடன் இமை உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் கொஞ்சம் வடியும். மேல் இமை ஏறிப்போய், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். இந்த இமை ஏற்றம்தான் இந்த நோயின் மிகப் பொதுவான அடையாளம். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சொட்டு மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. உடம்பு இளைப்பு, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை எல்லாம் கூடவே இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவை இல்லாமலும் வரும். சிலருக்குத் தைராய்டு கோளாறு தெரிவதற்குப் பல மாதம் முன்பே கண் காட்டிக்கொடுத்துவிடும். தைராய்டு குறைவாகச் சுரக்கிறவர்களிலும், அளவு சரியாகவே இருக்கிறவர்களிலும் ஒரு சிறு பங்குக்கு இது வருகிறது.

பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது கிரேவ்ஸ் நோய். 1835-இல் இதை விவரித்த அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயர்தான் அது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, தைராய்டு சுரப்பியின் செல்களில் இருக்கும் டிஎஸ்ஹெச் (சுரப்பியைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்) ஏற்பியை முடுக்கிவிடும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சுரப்பி நிறுத்தாமல் சுரக்கிறது. இங்கேதான் பலருக்கும் யாரும் சொல்லாமல் விடுகிற விஷயம் வருகிறது: அதே ஏற்பி கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பிலும் இணைப்புத் திசுவிலும் உள்ள செல்களில் இருக்கிறது. எதிர்ப்பொருள் அங்கேயும் போய் உட்காருகிறது. அந்த செல்கள் ஹயலுரானிக் அமிலத்தை அள்ளிச் சுரக்கின்றன. முகத்துக்குப் பூசும் சீரம் விளம்பரங்களில் வருகிற அதே பொருள்தான். தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கொழுப்பு பெருக்கிறது, கண்ணை அசைக்கும் தசைகள் வீங்குகின்றன.

கண் இருக்கும் எலும்புக்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். அதில் கண்விழிக்கு ஏழு மில்லிலிட்டர் போல. மீதியில் தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அடங்க வேண்டும். நாலு பக்கமும் எலும்பு. உள்ளே நாலைந்து மில்லி வீங்கினாலும் விழிக்கு முன்னால் வருவதைத் தவிர வழியில்லை. முன்னால் வர முடியாதபடி இமை இறுக்கமாக இருந்தால் அழுத்தம் பின்னால் திரும்பிப் பார்வை நரம்பை நெருக்கும். ஆகவே கண் பிதுங்கினவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று கிடையாது. வெளியே அதிகம் பிதுங்காத கண் சில சமயம் உள்ளே பெரிய சேதத்தை நடத்திக்கொண்டிருக்கும்.

ஆக, தைராய்டும் கண்ணும் ஒரே எதிர்ப்பொருளால் தாக்கப்படும் இரண்டு இடங்கள். கார்பிமசோல் மாத்திரை சுரப்பியை அடக்குகிறது. ரிப்போர்ட்டில் டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன்கள் எல்லாம் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. கண் தன் பாட்டுக்குத் தன் கணக்கில் நடக்கிறது. இந்தக் கணக்கை 1945-இல் வரைந்து காட்டியவர் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ரண்டில். முதலில் ஏறும், உச்சத்தில் சில காலம் நிற்கும், பிறகு மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். ஏறி இறங்கும் இந்தச் சூடான காலம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு, சிலருக்கு மூன்று வருடம் வரை. சூடு தணிந்த பிறகும் கண் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பாது, ஏனென்றால் வீங்கிய தசை அதற்குள் தழும்பாக இறுகியிருக்கும். எந்த சிகிச்சையை எப்போது செய்வது என்பதெல்லாம் இந்தக் கோட்டில் நோயாளி எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சூடான காலத்தில் மருந்து வேலை செய்யும், கத்தி வைத்தால் கெடும். ஆறிய பிறகு மருந்துக்குப் பெரும்பாலும் வேலையில்லை, கத்திக்குத்தான்.

இது ஏன் வந்தது என்று குடைந்து குடைந்து யோசிப்பது மனித இயல்பு. ஊரிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் வீட்டில் முதல் பதில் ‘டெல்லித் தண்ணி ஒத்துக்கலை’. அடுத்தது திருஷ்டி. அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அவர் மனைவி பார்பராவுக்கும் 1989-இலும் 1991-இலுமாக இரண்டு வருட இடைவெளியில் கிரேவ்ஸ் நோய் வந்தபோது, வெள்ளை மாளிகையின் தண்ணீரையே பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பார்பராவுக்குக் கண்ணும் பாதித்து, கதிரியக்க சிகிச்சை வரை போனது.

அயோடின் குறைவுதான் காரணம் என்று நினைப்பது இன்னொரு குழப்பம். அது வேறு நோய். எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ராமலிங்கசுவாமி இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுத்து நிரூபித்தது, அயோடின் இல்லாமையால் வரும் கழுத்துக் கழலையைப் பற்றி. 1962-இல் தேசியத் திட்டமே அதற்காக வந்தது. கிரேவ்ஸ் நோய்க்காரர் அயோடின் உப்பை வாங்கிக் கொட்டவும் வேண்டாம், கடற்பாசி மாத்திரை என்று தானாக எதையும் விழுங்கவும் வேண்டாம். சாதாரணச் சாப்பாடு போதும்.

நம் கையில் இருக்கிற ஒரே பெரிய காரணம் புகை; ஊர்ப் புகை இல்லை, பீடி சிகரெட் புகை. கிரேவ்ஸ் உள்ளவர் புகை பிடித்தால் கண்நோய் வரும் வாய்ப்பும் கூடும், தீவிரமும் கூடும், மருந்தும் சரியாகப் பிடிக்காது. இந்த நோய் பெண்களுக்கு அதிகம் வந்தாலும் ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருவதில் சிகரெட்டுக்குப் பங்குண்டு. அடுத்தவர் விடும் புகையும் தவிர்க்க வேண்டியதே. இதில் நோயாளியைவிட வீட்டு ஆண்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

தைராய்டு அளவு ஏறுவது மட்டும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை அதிகமாகி அளவு ரொம்ப இறங்கிவிட்டாலும் கண் மோசமாகும். ஆகவே நாலு ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, அளவை நிதானமாக வைத்திருப்பது கண்ணுக்கான சிகிச்சையிலும் ஒரு பகுதி. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே அதை நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பல ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். ரேடியோ அயோடின் (கதிரியக்கம் உள்ள அயோடின்) கொடுத்துச் சுரப்பியையே சுட்டுவிடலாம் என்ற யோசனையும் வரும். எய்ம்ஸிலும் திமார்பூர் இன்மாஸ் ஆராய்ச்சி நிலையத்திலும் அணு மருத்துவப் பிரிவு இருக்கும் ஊர் இது. சுரப்பிக்கு அது நல்ல வழிதான், ஆனால் சூடாக இருக்கும் கண்ணை அது கிளறிவிடக்கூடும். கண் மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் அதற்குத் தேதி வாங்க வேண்டாம். தேவைப்பட்டால் கூடவே ஸ்டீராய்டு கொடுத்துப் பாதுகாப்பார்கள்.

எந்தக் கண் மருத்துவர் என்பதும் முக்கியம். தெருமுனையில் கண்புரை பார்க்கும் டாக்டர் நல்லவராக இருக்கலாம். ஆனால் இதற்கு ஆக்குலோபிளாஸ்டி என்று சொல்லும், கண்குழியும் இமையும் பார்க்கும் பிரிவு வேண்டும். எய்ம்ஸ் வளாகத்தில் 1967-இலிருந்து நடக்கும் ராஜேந்திர பிரசாத் கண் மையம் இருக்கிறது. தரியாகஞ்சில் ஷ்ராஃப் கண் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது மூன்று நாலு வருடத்துக்கு முந்தைய படங்களைக் கொண்டுபோங்கள். கல்யாண ஆல்பம் ஊரில் இருந்தால் ஆதார் அட்டைப் படமாவது. கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நம் ஞாபகத்தைவிடப் படம் சரியாகச் சொல்லும். ஹெர்டெல் என்ற சின்னக் கருவியைக் கண்ணோரத்து எலும்பில் வைத்து, விழி எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று அளப்பார்கள். அந்த எண்ணை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முறை ஒப்பிட அதுதான் பிடி. வலி, சிவப்பு, வீக்கம் என்று ஏழு புள்ளிக்குக் கணக்குப் போட்டு, மூன்று புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் நோய் சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள். தேவைப்பட்டால் சிடி ஸ்கேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் ஒரு சிவப்புப் பொருளைப் பாருங்கள். குங்குமம் போதும். பிறகு கண்ணை மாற்றுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறி, செங்கல் நிறமாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் பார்வை நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பார்வை மங்குவது, பார்க்கும் பரப்பில் ஒரு பகுதி காணாமல் போவதும் அதே. இது வருவது நூற்றில் ஐந்து பேர் போலத்தான். ஆனால் வந்தால் அடுத்த மாதத்து அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கிற விஷயம் இல்லை, அன்றைக்கே அவசரப் பிரிவு. ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டை அதிக அளவில் ஏற்றுவார்கள். அதற்கு மசியாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை. ஆறும் வரை காத்திருக்கும் விதிக்கு இது விலக்கு. கருவிழியில் புண் விழும் அளவுக்கு இமை மூட முடியாமல் போவதும் அப்படித்தான்.

மற்றவர்களுக்குப் பெரும் பகுதி காத்திருப்பு. இதைத்தான் யாரும் நோயாளிக்குச் சொல்லித் தருவதில்லை.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு இந்த நோய் வந்தபோது, கண்ணைக் கீழே இழுக்கும் தசை இறுகிப்போய், மேலே பார்க்கவே முடியாமல் இருந்தது. இந்த நோயில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்தத் தசைதான். நேராகப் பார்க்க முகவாயைத் தூக்கிக்கொள்வார். இமையும் ஏறியிருக்கும். ‘டீச்சர் முறைக்கிறாங்க’ என்று பிள்ளைகள் பயந்தார்கள்; ‘தலையைத் தூக்கிக்கிட்டுத் திமிரா நிக்கிறா’ என்று கோயிலில் பெண்கள் பேசினார்கள். அவர் கடைசியில் ஒரு வழி செய்தார். புது வகுப்புக்குப் போனதும், பாடத்துக்கு முன்னால், ‘என் கண் இப்படித்தான் இருக்கும், கோபமில்லை, ஒரு வியாதி’ என்று சொல்லிவிடுவார். பிள்ளைகள் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் ரொம்ப நாள் ஆனது. முகம் மாறுவதால் வரும் மனச்சோர்வு இந்த நோயில் சாதாரணம். அதையும் டாக்டரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இப்படித் தசை இறுகி ஒரே பொருள் இரட்டையாகத் தெரிந்தால், அதற்குத் தற்காலிகத் தீர்வு உண்டு. கண்ணாடியில் ஒட்டும் ஃப்ரெனல் பட்டகம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை டாக்டர் அளந்து தருவார். நோய் மாறினால் ஏட்டையும் மாற்றிக்கொள்ளலாம், கண்ணாடியை மாற்ற வேண்டாம். ஒத்துவராதவர்கள் ஒரு பக்கக் கண்ணாடியில் மங்கலான டேப்பை ஒட்டிக்கொள்வார்கள். சாம்பார் ஊற்றுவது, படி இறங்குவது, ரிங் ரோடைக் கடப்பது எல்லாம் ஒற்றைக் கண்ணால் பழகும் வரை நிதானம் வேண்டும். வண்டி ஓட்டுவதை டாக்டர் சரி சொல்லும் வரை நிறுத்திவிடுங்கள்.

வறட்சிதான் தினசரி எதிரி. இமை முழுசாக மூடாததால் கண் இரவெல்லாம் காய்கிறது. பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டைப் பகலில் அடிக்கடி விடலாம். இரவில் ஜெல் அல்லது களிம்பு, அதன் மேல் இமையை மூடி மைக்ரோபோர் டேப். டேப்பை ஒட்டும்போது இமை உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். பாதி மூடிய கண்ணில் டேப் விழியையே உரசும். தலைமாட்டை இரண்டு தலையணை உயரம் தூக்கினால் காலை வீக்கம் குறையும். மே மாதத்து லூ என்ற அனல்காற்றிலும் தூசியிலும் பக்கவாட்டை மறைக்கும் கண்ணாடி இல்லாமல் வெளியே போக வேண்டாம். அதைவிட மோசம் வீட்டுக்குள் கூலர்: முகத்துக்கு நேராக அது அடிக்கும் காற்று ஒரே இரவில் கண்ணைக் காயவைக்கும். கூலர் இருக்கும் திசையையோ கட்டிலையோ மாற்றுங்கள். லேசான நோய்க்கு செலினியம் மாத்திரை ஆறு மாதம் கொடுப்பதும் உண்டு. 2011-இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது, ஆனால் அங்கே மண்ணிலேயே செலினியம் கொஞ்சம் குறைவு. நமக்கும் அதே பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது.

நோய் சூடாகவும் நடுத்தரத்துக்கு மேலும் இருந்தால் ஸ்டீராய்டு. இப்போதெல்லாம் மாத்திரையைவிட ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத்தான் விரும்புகிறார்கள். வழக்கமான திட்டத்தில் வாரம் ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம், பிறகு 250 வீதம் ஆறு வாரம், மொத்தம் நாலரை கிராம். எட்டு கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம். ஆரம்பிப்பதற்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல், மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோயையும் சேர்த்துப் பார்ப்பார்கள், உறங்கிக்கொண்டிருக்கும் கிருமியை ஸ்டீராய்டு எழுப்பிவிடும். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் டெப்ரோடுமுமாப் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் எட்டு முறை ஏற்றினால் பிதுங்கலே குறைகிறது. ஸ்டீராய்டால் பெரும்பாலும் முடியாத காரியம் அது. காது கேட்பது மந்தமாகலாம், சர்க்கரை ஏறலாம். அமெரிக்காவில் ஒரு முழுச் சுற்றின் பட்டியல் விலை மூன்று லட்சம் டாலரைத் தாண்டும். வாட்ஸாப்பில் வரும் முன்பின் படங்களைப் பார்த்து ஏங்குவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, அறுவை சிகிச்சை. நோய் ஆறி, அளவுகள் ஆறு மாதமாவது மாறாமல் நின்ற பிறகே கத்தி. மூன்று கட்டம், எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படாது. ஆனால் தேவைப்பட்டால் வரிசை மாறக் கூடாது: முதலில் குழியை விரிப்பது, அடுத்து மாறுகண், கடைசியில் இமை. ஒன்று அடுத்ததை மாற்றிவிடும் என்பதுதான் காரணம். குழியை விரித்தால் தசை இழுப்பு மாறி இரட்டைப் பார்வை புதிதாக வரலாம். தசையை நகர்த்தினால் இமை உயரம் மாறும். இமையை முதலில் சரி செய்தவர் திரும்பவும் மேசைக்குப் போக வேண்டியிருக்கும்.

குழியை விரிப்பதென்றால் கண்குழியின் எலும்புச் சுவரில் ஒரு பகுதியை எடுத்து, உள்ளே நெருக்கும் திசுவுக்குப் பக்கத்து சைனஸ் அறையில் இடம் கொடுப்பது. மூக்குப் பக்கச் சுவர் காகிதம் போல மெல்லியது. வெளிப்பக்கச் சுவர் கனமானது. சிலருக்குக் கொழுப்பை மட்டும் எடுத்தாலே போதும். எத்தனை சுவர் என்பதைப் பொறுத்து விழி சில மில்லிமீட்டர் பின்னால் போகும். முழு மயக்கத்தில் செய்வார்கள். கன்னமும் மேலுதடும் மரத்துப்போவது உண்டு, பெரும்பாலும் மாதக்கணக்கில் திரும்பும். புது இரட்டைப் பார்வை வரும் வாய்ப்பு உண்மையானது, கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பார்வை போவது மிக அபூர்வம். ஆனால் முடிந்தபின் திடீரென்று கடும் வலியும் மங்கலும் வந்தால் உடனே கூப்பிட வேண்டும், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, சைனஸிலிருந்து காற்று கண்குழிக்குள் ஏறும். ஜலதோஷம் பிடிக்கும் ஜனவரியில் தேதி வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனம். ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று சென்னைக்கு விமான டிக்கெட் போடும் முன்பும் டாக்டரைக் கேளுங்கள்.

மாறுகண் சிகிச்சையில் எல்லாத் திசையிலும் ஒற்றையாகத் தெரியும்படி செய்ய முடியாது. நேராகப் பார்ப்பதிலும், படிக்கக் குனிந்து பார்ப்பதிலும் ஒற்றையாகத் தெரிந்தால் அது வெற்றி. மேலே அலமாரியைப் பார்க்கும்போது இரண்டாகத் தெரிந்தால் தலையைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். இமை சிகிச்சை இவற்றில் சின்னது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, நடுவில் நோயாளியை எழுந்து உட்காரச் சொல்லி இரண்டு இமையும் சமமா என்று பார்த்துத் தையல் போடுவார்கள்.

பணம் கட்டுவதில் ஒரு சிக்கல் வரலாம். காப்பீட்டுக்காரர்கள் இமை, கண்குழி சிகிச்சை இரண்டையும் அழகுக்கானது என்று தள்ளப் பார்ப்பார்கள். மத்திய அரசு ஊழியர்கள் சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) மையத்திலிருந்து பரிந்துரை வாங்கும்போதும் சரி, தனியார் பாலிசிக்கு முன் அனுமதி கேட்கும்போதும் சரி, டாக்டரின் கடிதத்தில் கண் மூடாமை, கருவிழி காய்தல், நரம்பு அழுத்தம், இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எது இருக்கிறதோ அது எழுத்தில் இருக்க வேண்டும். ஹெர்டெல் அளவும் பார்வைப் பரப்புப் பரிசோதனையும் அதோடு இணைத்துவிடுங்கள்.